கேத்தி ஸ்டேஷனில் ஒரு கேள்வி

கேத்தி ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறீர்களா? குன்னூரிலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் வெல்லிங்டன், அரவங்காடு தாண்டினால் அடுத்தது கேத்தி. சின்ன ஸ்டேஷன்தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களில் பலருக்கு ஒரு மழையும், சேறும், தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்கு மாதிரி ஆடும் ஒரு மனிதனும் ஞாபகத்துக்கு வந்திருக்கும். வந்துவிட்டதா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன டிசம்பரில் அக்கா போன் செய்தாள்.

“நீ ஒரு எட்டு வந்துட்டுப் போடா. உன் மருமகன் மெட்ராஸ் போறேன்னு குதிக்கிறான். சினிமாவாம். அசிஸ்டென்ட் டைரக்டராம். கோயமுத்தூர்ல வேலை கிடைச்சு ஆர்டரும் வந்தாச்சு. உன் அத்தான் மூணு நாளா அவன்கூட மூஞ்சி குடுத்துப் பேசல. நீ பத்திரிகையில எழுதுறவன். நீ சொன்னா கேப்பான்.”

அத்தான் குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் டீ மேக்கர். முப்பது வருஷமாக இலை வாசனையிலேயே வாழ்கிற மனிதர். சினிமா என்றால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியான டி.வி. அவ்வளவுதான்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள், பையன் என்னைத் தனியாகக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். “மாமா, வீட்ல வச்சுப் பேச வேணாம். வாங்க, ரயில்ல ஒரு ரவுண்ட் போலாம்.” குன்னூரில் ஏறினோம். கேத்தியில் இறங்கிவிட்டோம்.

பிளாட்பாரத்தில் எங்களோடு இரண்டு குடும்பங்கள் இறங்கின. ஒன்று வடக்கத்திக் குடும்பம். குரங்குக் குல்லாய் போட்ட அப்பா தன் மகளிடம் தண்டவாளத்தைக் காட்டி, “சத்மா... சத்மா...” என்று உருகிக்கொண்டிருந்தார். இன்னொன்று மதுரைப் பக்கத்துக் குடும்பம் போல. அந்தக் கணவர் தோள்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரெண்டு ஆட்டம் ஆடிக் காட்டினார். அவர் மனைவி சிரிக்கவில்லை. “போதும் வாங்க. அதைப் பார்த்தா இன்னமும் மனசு என்னவோ பண்ணுது” என்றார்.

பையன் என்னைப் பார்த்தான்.

“ரெண்டு பேரும் ஒரே கதையைத்தான் சொல்றாங்க. ஒண்ணு சூப்பர் ஹிட். இன்னொண்ணு ஃப்ளாப். ஆனா ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்குது. இப்ப சொல்லுங்க மாமா. ஒரு டைரக்டர் பெரிய ஆளா இருக்கணும்னா படம் ஓடணுமா, வேண்டாமா?”

என்ன பதில் சொல்வது? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982-ல் வந்தது. கமல், ஸ்ரீதேவி. இசை இளையராஜா. கண்ணதாசன் கடைசியாகப் பாட்டு எழுதிய படம். வெள்ளி விழா கண்டது. கமலுக்குச் சிறந்த நடிகர், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் என்று இரண்டு தேசிய விருதுகள் வாங்கியது. அதே கதையை அடுத்த வருஷமே, 1983-ல், இந்தியில் ‘சத்மா’ என்று எடுத்தார். அதே டைரக்டர், அதே கேமரா, அதே கமல், அதே ஸ்ரீதேவி, அதே சில்க் ஸ்மிதா, அதே இளையராஜா, அதே ஊட்டி. தமிழில் ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்த படம், இந்தியில் சரியாகப் போகவில்லை.

ஆனால் பிற்பாடு என்ன ஆயிற்று? டி.வி.யில் பார்த்துப் பார்த்தே வடக்கே ஒரு தலைமுறைக்கு அது மனசுக்கு நெருங்கிய படம் ஆகிவிட்டது. 2018-ல் ஸ்ரீதேவி இறந்தபோது அவர்கள் முதலில் பேசிய படங்களில் ஒன்று ‘சத்மா’. அந்தக் குரங்குக் குல்லாய்க்காரர் அதை தியேட்டரில் பார்த்திருக்க வாய்ப்பே குறைவு.

ஆக, கலெக்‌ஷனுக்கும் கண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை. பையனிடம் அதைத்தான் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

மலர்ந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கும் உற்சாகம். “இந்தத் தண்டவாளத்துக்கே ராசி அப்படிடா” என்று ஆரம்பித்தேன். மணிரத்னத்தின் ‘தில் சே’ 1998-ல் வந்தது. தமிழில் ‘உயிரே’. ஷாருக்கான் ரயில் கூரை மேல் ஆடுவாரே, அது இந்த மலை ரயில்தான். படம் இந்தியாவில் ஓடவில்லை. ஆனால் லண்டன் பக்கம் போய் பிரிட்டனின் முதல் பத்துப் படங்களுக்குள் நுழைந்த முதல் இந்தியப் படம் என்று பேர் வாங்கியது. 2006-ல் ஹாலிவுட் டைரக்டர் ஸ்பைக் லீ தன்னுடைய ‘இன்சைட் மேன்’ படத்தில் அதே ரயில் பாட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்கு முன்பே 1984-ல் வந்த ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்துக்காக டேவிட் லீன் இந்த ரயிலைப் படம் பிடித்திருக்கிறார். அவர் கதை தலைகீழ். ஆஸ்கர், வசூல் என்று எல்லாவற்றையும் பார்த்த மனிதர். 1970-ல் வந்த ஒரு படத்தை விமர்சகர்கள் கிழித்த கிழியில் மனசு ஒடிந்து, பதினாலு வருஷம் அடுத்த படம் எடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு எடுத்த படம்தான் இது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, இலங்கையில் ஒரு ஷூட்டிங் பார்த்தார். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படம். டைரக்டர் ‘மழை’ என்று கத்தினார், மழை கொட்டியது. நாமும் இந்த மாதிரி மழை பெய்ய வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்ததாக பாலு மகேந்திராவே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த டைரக்டர் டேவிட் லீன். பார்த்த பையன் வளர்ந்து கேத்தியில் மழைக்குள் ஒரு ரயிலை அனுப்பி வைத்தான். பிறகு அதே ரயில் பாதைக்கு லீனும் வந்து சேர்ந்தார்.

“அப்ப ஓட வேண்டியதே இல்ல மாமா. நல்ல படம் எடுத்தா காலம் பார்த்துக்கும். இதை அப்படியே அப்பாகிட்ட சொல்லிடுங்க” என்றான் பையன்.

நானும் தலையை ஆட்டினேன். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை சந்தோஷமாக முடிந்திருக்கும். ஆனால் திரும்பி வரும்போது ஜன்னல் ஓரத்தில் எனக்கு ருத்ரய்யா ஞாபகம் வந்து தொலைத்தது.

‘அவள் அப்படித்தான்’ பார்த்திருக்கிறீர்களா? 1978 தீபாவளிக்கு வந்த படம். கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா மூன்று பேரும் இருந்தார்கள். இன்றைக்குப் பெண்களைப் பற்றிய தமிழ்ப் படம் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இல்லாமல் இருக்காது. திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த ருத்ரய்யாவின் முதல் படம். வந்தபோது ஓடவில்லை. 1980-ல் ‘கிராமத்து அத்தியாயம்’ என்று இன்னொரு படம் எடுத்தார். அதுவும் போகவில்லை. அத்தோடு சரி. 2014 நவம்பரில் அவர் இறந்துபோனார். நடுவில் முப்பத்து நாலு வருஷம். மூன்றாவது படம் வரவே இல்லை.

அதே 2014-ம் வருஷம் பிப்ரவரியில்தான் பாலு மகேந்திரா இறந்தார். அவர் இருபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து முடித்திருந்தார்.

திறமையில் யார் உசத்தி என்று நான் தராசு தூக்க வரவில்லை. ஆனால் பாலு மகேந்திராவிடம் ‘மூன்றாம் பிறை’ என்ற ஓடிய படம் இருந்தது. 1984-ல் ‘நீங்கள் கேட்டவை’ என்று முழு மசாலாவாக ஒரு படம் எடுத்தார். பெயரிலேயே குத்தல் இருக்கிறது பாருங்கள், ‘இதைத்தானே கேட்டீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிற மாதிரி! அப்படியெல்லாம் நின்று பிடித்ததால்தான் பிறகு ‘வீடு’ வந்தது, ‘சந்தியா ராகம்’ வந்தது. ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் வீடு கட்டப் படும் பாட்டைச் சொன்ன ‘வீடு’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது. ‘மூன்றாம் பிறை’ மாதிரி ஓடிய படம் இல்லை அது. ஆனால் அதை எடுக்கிற நாள் வரைக்கும் அந்த மனிதர் சினிமாவில் நிலைத்து நின்றிருந்தார்.

‘தில் சே’ ஓடாதபோது மணிரத்னம் எப்படித் தாங்கினார்? பின்னால் ‘நாயகன்’ இருந்தது, ‘ரோஜா’ இருந்தது, ‘பம்பாய்’ இருந்தது. பேங்கில் இருப்பு இருக்கிறவன் ஒரு மாசம் சம்பளம் வராவிட்டால் தாங்குவான். ருத்ரய்யாவுக்கு இருப்பு இல்லை.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அத்தான் என்னைத் திண்ணைக்கு அழைத்தார். நல்ல குளிர். உள்ளே போய் ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து வந்தார். வெந்நீரில் கொஞ்சம் இலையைப் போட்டு, பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் ஒரு டம்ளர் கொடுத்தார். வாசனை என்றால் அப்படி ஒரு வாசனை.

“என்னத்தான் இது, கடையில இப்படிக் கிடைக்கிறதில்லையே?”

“கிடைக்காது மாப்ள. நாங்க ஓட்டுறது சி.டி.சி. இலையை நறுக்கிச் சுருட்டி டஸ்ட்டாக்கி ஏலத்துக்கு அனுப்புறோம். டீக்கடைக்கு அதுதான் வேணும். இது ஆர்த்தடாக்ஸ். பனிக்காலத்துல நல்ல கொழுந்து வந்தா கொஞ்சமா உருட்டிப் பண்ணுவேன். இதை வித்து எனக்குச் சோறு கிடைக்காது. டஸ்ட் ஓடுனாத்தான் ஃபேக்டரி ஓடும். ஆனா நீ என்ன வேலை பார்க்கிறேன்னு யாராச்சும் கேட்டா, நான் இந்த டப்பாவைத்தான் காட்டுவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அத்தான், உங்க பையன் கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க” என்றேன்.

அப்புறம் இரண்டு பேருக்குமே கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். பையன் கதவுக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரியும்.

“படம் பெரிய படமான்னு சொல்ல கல்லாப்பெட்டி தேவையில்லை. ஆனா அடுத்த படம் எடுக்கத் தேவை. நூறு கோடியெல்லாம் வேண்டாம். போட்டவன் காசு திரும்பணும். அடுத்தவன் நம்பிக் குடுக்கணும். அந்த அளவுக்காவது ஓடணும். அது ஓடலைன்னா, எவ்வளவு பெரிய கொம்பனா இருந்தாலும் வீட்ல உட்கார வேண்டியதுதான். காலம் படத்தைக் காப்பாத்தும். எடுத்தவனைக் காப்பாத்தாது.”

இதைச் சொல்லும்போது என் குரல் லேசாகப் பிசிறியது. காரணம் உண்டு. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

2011 ஜூனில் ‘ஆரண்ய காண்டம்’ வந்தது. தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். நண்பர் ஒருவர் போன் செய்து, “பிரமாதம்யா, உடனே பாரு” என்றார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வாரம் எங்கள் பக்கத்து தியேட்டரில் படத்தை எடுத்துவிட்டார்கள். பிளாட்பாரத்தில் திருட்டு டிஸ்க் முப்பது ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு தடவை பார்த்தேன். பத்துப் பேரிடம், “என்ன படம்யா! நம்ம ஜனங்களுக்கு ரசனையே இல்லை” என்று அங்கலாய்த்தேன். அந்த முப்பது ரூபாயில் ஒரு பைசாகூட படம் எடுத்தவர்களுக்குப் போகவில்லை.

அந்தப் படத்துக்கு அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும், எடிட்டிங்குக்கான தேசிய விருதும் கிடைத்தன. ஆனால் அவருடைய அடுத்த படம் ‘சூப்பர் டீலக்ஸ்’ வந்தது 2019-ல். எட்டு வருஷம்! அந்த எட்டு வருஷத்தில் எத்தனை நாள் என் கணக்கில் வரும் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. ரசனை இல்லாத அந்த ஜனங்களில் முதல் ஆள் நான்தான்.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. பாலு மகேந்திராவிடம் வேலை கற்ற பாலா ‘சேது’வை எடுத்துவிட்டு, வாங்க ஆள் இல்லாமல் காத்துக் கிடந்தார். 1999 டிசம்பரில் கிடைத்த சில காட்சிகளில் படம் வந்தது. பார்த்தவர்கள் அடுத்தவர்களிடம் சொன்னார்கள். சொல்லிச் சொல்லியே ஓடியது. அந்தப் படத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர் சசிகுமார். அவர் 2008-ல் ‘சுப்ரமணியபுரம்’ எடுத்தார். அதுவும் ஓடியது. பிறகு 2013-ல் பாலு மகேந்திரா தன் கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ எடுத்தபோது, அதற்குப் பணம் போட்ட தயாரிப்பாளர் யார் தெரியுமா? அதே சசிகுமார். குருவின் கடைசிப் படத்துக்கு சிஷ்யனின் சிஷ்யன் காசு கொடுத்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1999-ல் யாரோ ஒருவர் டிக்கெட் வாங்கி ‘சேது’ பார்த்துவிட்டு வெளியே வந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் “போய்ப் பாருங்க” என்று சொல்லியிருக்கிறார். பதினாலு வருஷம் கழித்து ஒரு கிழவருக்குப் படம் எடுக்கக் கிடைத்ததில் அவருக்கும் பங்கு இருக்கிறது. அவருக்கே அது தெரியாது. அந்தப் படத்துக்கும் தேசிய விருது கிடைத்தது.

இந்த வெற்றி தோல்விக்குள் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தன் படங்கள் சிலவற்றின் நெகட்டிவ்கூட இப்போது இல்லை, தமிழ் சினிமாவுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று பாலு மகேந்திரா கடைசிக் காலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். ‘காலம் பார்த்துக்கும்’ என்று என் மருமகன் சொன்னானே, காலம் அப்படியொன்றும் பொறுப்பான வாட்ச்மேன் இல்லை. யாராவது பத்திரப்படுத்தினால்தான் உண்டு.

அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கதவுப் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“கவாத்து பண்ணின டீச்செடியைப் பார்த்திருக்கியா மாப்ள? மொட்டையா நிக்கும். சில மாசத்துக்கு ஒரு இலை குடுக்காது. அதுக்காக யாரும் பிடுங்கிப் போடுறதில்ல. ஒரு கவாத்துக்கும் அடுத்த கவாத்துக்கும் நடுவுல நாலஞ்சு வருஷம். அவனுக்கு அவ்வளவு டைம் தர்றேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆகலைன்னா வந்து வேற வேலை பார்க்கட்டும். அதுவரைக்கும் வீட்ல சோறு உண்டு. நீயே சொல்லிடு.”

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. குளிர் என்று வைத்துக்கொள்வோம்.

பையன் இப்போது சென்னையில் இருக்கிறான். ஒரு டைரக்டரிடம் சேர்ந்திருக்கிறான். போன வாரம் பேசும்போது, “க்ளாப் அடிக்கக்கூட இன்னும் விடல மாமா, டீ வாங்கிட்டு வர்றதுதான் வேலை” என்றான். “நல்ல டீயா பார்த்து வாங்கு, உங்கப்பா மானத்தைக் காப்பாத்து” என்றேன்.

அவனுக்கு நாலஞ்சு வருஷம் இருக்கிறது. நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. இந்த வெள்ளிக்கிழமையும் ஏதோ ஒரு தியேட்டரில், பேர் தெரியாத ஒருத்தரின் முதல் படம் வரும். பார்த்த ஒருவர் உங்களுக்குப் போன் செய்து, “நல்லா இருக்கு, போய்ப் பாரு” என்பார்.

‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். எட்டு வருஷம் ஆயிற்று.